மயில் கலந்துகொண்ட மீட்டிங்

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 தடை. அதற்குள் சென்னை ஆபீஸைக் கலைத்து, பன்னிரண்டு பேரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. லேப்டாப்காரர்கள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சிக்கு மட்டும் டெஸ்க்டாப். சிபியுவைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார்.

"மானிட்டர் அண்ணாச்சி?"

"அடுத்த நடையில எடுத்துக்கிறேன் தம்பி."

அடுத்த நடைக்குச் செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை கம்பெனிக் கணக்கு அவர் வீட்டு டிவியில் ஓடியது. ஷூட்டிங் நின்றுபோய்ப் பழைய சீரியல்களை மறுபடி போட்ட காலம். அண்ணி ரிமோட்டை எடுத்தால் ஜிஎஸ்டி நின்றுவிடும்.

நான் மத்தியானமே பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வந்துவிட்டேன். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. ஊரே மௌனத்தில் இருக்க, எங்கள் மீட்டிங் மட்டும் ஒரு நாளைக்கு ஆறு நடந்தது.

மீட்டிங்கில் மயிலும் கலந்துகொள்ளும். நான் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து மதில் மேலிருந்து அகவும். "சார், பூனையை மிதிச்சிட்டீங்களா?" என்று பெங்களூர் வாடிக்கையாளர் பதறினார். ஒருநாள் ஜன்னலோரம் வைத்திருந்த புளூடூத் ஹெட்செட்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு வேப்பமரம் ஏறிவிட்டது. திரும்ப வாங்க இரண்டு வாழைப்பழம் செலவு. அதுவரை மீட்டிங்கில் எனக்குப் பதிலாக இருந்தது குரங்குதான். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

இதெல்லாம் கூடப் பழகிவிட்டது. பழகாதது எழுதுவது. ஆபீஸில் நாற்காலியைத் திருப்பி, "அது என்னாச்சு?" என்று கேட்டே பிழைத்தவர்கள் நாங்கள். இப்போது அந்தக் கேள்விக்கும் ஒரு மீட்டிங். பொறுக்க முடியாமல் ஒருநாள் உள்ளூர்ச் சரக்கை எடுத்துவிட்டேன்.

"1902-ல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு வருவாய்த் துறை ஊழியர் ஒருத்தர் இந்த மலைக்கு வந்தார். பகவான் ரமணர் மௌனத்துல இருந்த காலம். பிள்ளை கேட்கக் கேட்க, பதிலை மணல்லயும் சிலேட்டுலயும் எழுதிக் காட்டினார். அதுலேர்ந்து வந்ததுதான் 'நான் யார்?' புத்தகம். தான் யாருன்னு தெரிஞ்சுக்கவே எழுத்து போதும்னா, மார்ச் மாசப் பில்லுக்கு எதுக்கு மீட்டிங்? எல்லாரும் செஞ்ச வேலையைச் சாயங்காலம் நாலு வரி எழுதிப் போடுங்க."

பதினொரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அண்ணாச்சி மியூட்டிலேயே வெகுநேரம் பேசினார்.

அன்று சாயங்காலம் முதல் ஆளாக அவர்தான் அனுப்பினார்: "தம்பி, நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். விவரம் நேரில்."

நேரில் எப்படி என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது.