35 எம்.எம். ஓட்டை

நாலுக்கு அஞ்சு அங்குல ஃபிலிம் கேமராவுக்குப் பழைய லென்ஸ் வாங்க யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்குத் தெரிந்த தச்சரிடம் என்ன சைஸ் ஓட்டை போடும் பிட் இருக்கிறது?" வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். வீட்டில் எனக்குக் கிடைக்கும் பார்வைக்கு அது எவ்வளவோ தேவலை.

இந்த வகை கேமராவில் லென்ஸை அப்படியே திருகி மாட்ட முடியாது. பின்னால் தேய்த்த கண்ணாடித் திரை, முன்னால் மரச்சட்டம், நடுவில் துருத்தி. கேமரா என்பது அவ்வளவுதான். ஷட்டர் லென்ஸோடு சேர்ந்து வரும். ஒரு சின்னப் பலகையில் ஓட்டை போட்டு, ஷட்டரை அதில் நிறுத்தி, பின்பக்கம் வளையத்தால் இறுக்கி, அந்தப் பலகையைச் சட்டத்தில் செருக வேண்டும். லென்ஸில் ஷ்னைடர், ரோடன்ஸ்டாக், நிக்கான், ஃப்யூஜி என்று எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், அண்மைக் காலச் சரக்கில் ஷட்டர் பெரும்பாலும் கோபால் என்ற ஜப்பான் கம்பெனியுடையது. 0, 1, 3 என்று மூன்று அளவு. 0-க்கு 34.6 மி.மீ. ஓட்டை, 1-க்கு 41.6, 3-க்கு 65.

இந்தக் கணக்கெல்லாம் தெரிவதற்கு முன்பே நான் 210 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டேன். காரணம் கலை நோக்கமல்ல, விலைக் குறைப்பு. பார்சலைப் பிரிக்கும்போது நண்பரிடம் போனில், "கோபால் நம்பர் ஒண்ணு, சுத்தமா இருக்கு" என்றேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, அந்தக் கோபாலுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" தொகையைப் பாதியாக்கிச் சொன்னேன். பாதிக்கே அந்தத் திட்டு என்றால் முழுசுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பிற்பாடுதான் யோசித்தேன்.

பழைய லென்ஸ் விற்கிறவர்களின் அகராதியில் சுமார், பரவாயில்லை போன்ற சொற்களே கிடையாது. எல்லாமே 'மின்ட்'. தூசி இருந்தால் 'எக்ஸலன்ட்', பூஞ்சை இருந்தால் 'எக்ஸலன்ட்' பக்கத்தில் நாலு ப்ளஸ். ஆகவே வந்ததும் செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்திவலை மாதிரி நூல் ஓடினால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன என்று அர்த்தம். உள்விளிம்பின் கறுப்பு வண்ணத்தில் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் அதற்கு ஷ்னைடரைட்டிஸ் என்று பெயர். பெயரைக் கேட்டதும் என் மனைவி குழந்தையைத் தூரப் போகச் சொன்னாள். படத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, விலைதான் குறையும். அந்த வியாதி உள்ள லென்ஸைத் தாராளமாக வாங்கலாம்.

அடுத்து ஷட்டரை 1 நொடியில் வைத்துத் தட்டிக் காது கொடுக்க வேண்டும். உள்ளே பற்சக்கரம் 'ஜ்ஜ்ஜ்' என்று ஓடி முடிய வேண்டும். பழைய எண்ணெய் இறுகிப் போயிருந்தால் அந்த 1 நொடி 2 நொடியாகும், சில நாள் நடுவழியில் உட்கார்ந்தும் விடும். ஒரே சீராகத் தாமதித்தால் பரவாயில்லை, குறித்துவைத்துக்கொண்டு கணக்குப் பண்ணிக்கொள்ளலாம். மனம்போன போக்கில் தாமதித்தால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

210 இதிலெல்லாம் தேறியது. ஓட்டையில்தான் மாட்டிக்கொண்டது. லேத் பட்டறையில் 41.6 என்றதும், "எத்தனை பீஸ் சார்?" என்றார் உரிமையாளர். ஒன்று என்றேன். "ஆயிரம்னா வாங்க சார்" என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அப்போது வீட்டில் சமையலறை அலமாரி வேலை நடந்துகொண்டிருந்தது. தச்சரிடம் கெஞ்சினேன். "என்கிட்ட 35தான் சார் இருக்கு, கப்போர்டு கீலுக்குப் போடறது. வேணும்னா அரத்தால ராவி 41 ஆக்கித் தரேன், ஆனா வட்டமா வராது" என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஓட்டைக்குத் தகுந்த லென்ஸா வாங்கக் கூடாதா?" என்றாள்.

நான் ஆடிப்போனேன். அலமாரிக் கதவின் கிண்ணக் கீலுக்கு 35 மி.மீ. குழி என்பது ஊர் உலகமெல்லாம் ஒரே கணக்கு. கோபால் 0-க்கு வேண்டியது 34.6. மிச்சமிருக்கும் இடைவெளியைப் பின்வளையம் மூடிக்கொள்ளும். 0 எண் ஷட்டரில் வருவதோ, நாலுக்கு அஞ்சுக்கு முதல் லென்ஸாக எல்லோரும் சொல்லும் 150 மி.மீ. f/5.6! இந்த ஃபிலிமின் மூலைக்கு மூலை தூரம் 150-ஐக் கொஞ்சம் தாண்டும். f/22-இல் அந்த லென்ஸ் விழவைக்கும் ஒளிவட்டமோ 200-க்கும் மேல். மயிலாப்பூர்க் கோபுரத்தைத் தெருவில் நின்று எடுக்கும்போது, கேமராவை அண்ணாத்திப் பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். கேமராவை நேராக நிறுத்தி லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் நிமிர்ந்து நிற்கும். அந்த மிச்ச வட்டம் அதற்குத்தான். ஆக, முறைப்படி 150 வாங்கியாயிற்று, சம்சாரத்தின் சிபாரிசில்.

தச்சர் பலகையோடு வந்தார், 18 எம்.எம். ப்ளைவுட். "காலத்துக்கும் நிக்கும் சார்." நிற்கும், ஆனால் பின்வளையத்துக்குத் திருகு எட்டாது. 3 எம்.எம். வேண்டும் என்றதும், என்னமோ அப்பளத்தில் அலமாரி செய்யச் சொன்னதுபோல வருத்தப்பட்டார். செய்துகொடுத்தார். கறுப்பு மேட் பெயின்ட் அடித்தேன்.

மாட்டும்போது பின்கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். ஷட்டரின் முதுகில் துருத்தும் சின்னத் திருகையும் எடுத்துவிடலாம், இல்லையென்றால் பலகையில் படியாது. கண்ணாடிக்கும் ஷட்டருக்கும் நடுவே காகித மெலிவில் வளையம் இருந்தால் அதைத் தொலைக்கக் கூடாது, கண்ணாடிகளுக்கு நடுவேயுள்ள தூரம் அதன் கையில் இருக்கிறது. பின்வளையத்தை இறுக்கத் தனி ஸ்பேனர் உண்டு. நான் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் டிவைடரால் இறுக்கினேன். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பயந்து, 150 இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பருப்பு டப்பாவில் குடியிருக்கிறது. 210 விற்பனைக்கு. எக்ஸலன்ட், நாலு ப்ளஸ். வேண்டுவோர் பகலில், நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் வரவும். விலையை மெதுவாகக் கேட்கவும். 41.6 ஓட்டை உங்கள் பொறுப்பு.