முருங்கைக்காய் மேல் பாரத்தைப் போட்டு

1983-இல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ஆம்பிளையும் முருங்கைக்காயைச் சாதாரண முகத்தோடு வாங்கியதில்லை. எங்கள் பட்டாபிராம் மார்க்கெட்டில் நாலு காய் கேட்டால் காய்க்கார அக்கா ஒரு சிரிப்பு சிரிக்கும். "சாம்பாருக்குக்கா" என்பேன். "நான் ஒண்ணும் கேக்கலியே தம்பி" என்று பதில் வரும். பக்கத்தில் நிற்பவர் என் நரையை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

காயில் நார்ச்சத்து உண்டு, வைட்டமின் சி உண்டு. ஆண்மையைக் கூட்டும் என்று சினிமா சொன்ன சமாச்சாரத்துக்குத்தான் உருப்படியான ஆதாரம் இல்லை.

ஆண்மைக் குறைவு என்றால் பெரும்பாலும் கோளாறு ரத்தக்குழாயில். ஆணுறுப்புக்குப் போகிற குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தினுடையது மூன்று, நான்கு. சிகரெட்டும் சுகரும் கொழுப்பும் சேர்ந்து அடைக்கத் தொடங்கினால் சின்னக் குழாய்தான் முதலில் மாட்டும். ஆக, பலருக்குப் படுக்கையறைத் தகராறு என்பது மாரடைப்பு இரண்டு மூன்று வருஷம் முன்கூட்டி அனுப்புகிற நோட்டீஸ். வயாகராவையே முதலில் நெஞ்சுவலிக்குத்தான் சோதித்துப் பார்த்தார்கள். நம் ஆளோ, நோட்டீஸை எடுத்துக்கொண்டு லாட்ஜில் முகாம் போட்டிருக்கும் பரம்பரை வைத்தியரிடம் ஓடுகிறான். சுகர் டெஸ்டுக்குப் போக வேண்டிய காசு லேகியத்துக்குப் போகிறது.

இந்த மாதிரி வைத்தியர்களின் விளம்பரங்களுக்கு 1954-லேயே சட்டம் போட்டுத் தடை விதித்தாயிற்று. சட்டத்துக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் இடம் கிடைக்கவில்லை போலும். நான் போகிற பெட்டியில் கதவோரம் ஒரு ஸ்டிக்கர். யாரோ நகத்தால் சுரண்டியதில் 'குறைவா?' என்பது மட்டும் மிச்சம். அதன் கீழே பேனாவால், 'ஆமா, சீட்டு'.

அந்த டிரெயினில் கழிவறையும் கிடையாது. சென்ட்ரல் வரை அடக்க வேண்டுமே என்று காலையில் தண்ணீர் குடிக்காமல் ஏறுகிற கூட்டம் பெரிது. மே மாத வெயில், ஊறுகாய், சாயங்காலம் பஜ்ஜி: கிட்னியில் கல் சேர இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் தக்காளி விதையைக் குற்றவாளியாக்கிவிட்டு, கல்லைக் கரைக்க டாஸ்மாக்கில் பீர் வாங்குகிறார். "மருந்துக்குத்தான் சார்." மருந்து மூன்று பாட்டிலாகிவிட்டது. பீரில் கல் கரைவதில்லை, கல்லுக்குக் கொண்டாட்டம்.

2024 நவம்பரில் இங்கே 21 மாடியில் டைடல் பார்க் திறந்தார்கள். அத்தனை மாடியிலும் உட்கார்ந்தே வேலை. யூராலஜிஸ்டுகள் பட்டாபிராமில் மனை விசாரிக்கலாம்.

ஐம்பது தாண்டினால் புராஸ்டேட் வேறு வீங்கி, ராத்திரியில் எழுப்பிவிடும். அதற்காக ஆவடியில் ஒரு டாக்டரிடம் என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறேன், எத்தனை டீ, எத்தனை சிகரெட், எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். டாக்டர், "அம்மா கொஞ்சம் வெளியே இருங்க" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மத்த விஷயமெல்லாம் எப்படி?"

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை சார்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "இன்னொரு தடவை கேளுங்க டாக்டர்!"