லைசென்ஸ் அண்ணன்

மாட்டுத்தாவணிப் பக்கத்து ஆஸ்பத்திரியோ, திருப்பரங்குன்றம் ரோட்டுக் கல்லூரியோ, கப்பலூர் தொழிற்பேட்டைக் கம்பெனியோ, எதற்குள் நுழைந்தாலும் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கும். கட்டடத்திலேயே அங்கேதான் ஏசி ஒழுங்காக ஓடும். மனிதர்களுக்காக அல்ல, பெட்டிகளுக்காக. அந்தக் குளிரில் சட்டைப் பையில் டெஸ்டரும் நெற்றியில் முக்குறுணிப் பிள்ளையார் விபூதியுமாக உட்கார்ந்திருப்பவர்தான் லைசென்ஸ் அண்ணன்.

பிறவியிலேயே அவர் லைசென்ஸ்காரர் இல்லை. எஸ்.டி.டி. பூத்துகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இன்டர்காம் மெக்கானிக். பெட்டியைச் சுவரில் மாட்டி, கார்டைச் செருகி, க்ரோன் கட்டையில் வயரைக் குத்தினால் போன் அடித்தாக வேண்டும். எட்டு லைன் கார்டு என்றால் எட்டு போன், அவ்வளவுதான் கணக்கு. அவருக்கு அப்போது எதிரிகள் இரண்டே பேர்: எலி, இடி.

ஐ.பி. போன் வந்து அந்தத் தர்மத்தைக் கெடுத்தது. போன் இருக்கும், வயர் இருக்கும், விளக்கும் எரியும். பேச மட்டும் முடியாது. பேசும் உரிமைக்குத் தனி விலை. இதை முதலாளிக்குப் புரியவைத்த நாளை அண்ணன் இன்னும் மறக்கவில்லை.

“போனுக்குக் காசு குடுத்தாச்சுல்ல?”

“குடுத்தாச்சு முதலாளி.”

“வயரு நம்மளுது. கரண்டு நம்மளுது. பேசுற வாயும் நம்மளுது. பெறகு எவனுக்குய்யா இந்தப் பணம்?”

அண்ணன் யோசித்தார். “உங்க அப்பாரு ரேடியோப் பெட்டிக்குத் தபாலாபீஸ்ல வருசாவருசம் லைசென்ஸ் கட்டலையா? சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி வில்லை வாங்கலையா? அது மாதிரிதான்.”

1980களிலேயே ஒழிந்துபோன ரேடியோ லைசென்ஸ், கப்பலூரில் ஒரு செக்கில் கையெழுத்து வாங்கித் தந்தது. வந்த லைசென்ஸ் 50. அப்போது போனும் 50. இப்போது போன் 58.

அன்றிலிருந்து அண்ணன் ரேஷன் கடைக்காரர். ஸ்டோர்ஸில் புது மேசை போட்டால் அங்கிருந்து வடை வருகிறது. டெஸ்பாட்ச் பையன் காலையில் “அண்ணே, சாப்ட்டீங்களா?” என்று விசாரிக்கிறான். அண்ணன் அசையமாட்டார். “எவனாச்சும் விட்டாத்தாண்டா ஒனக்கு” என்பார்.

விடத்தான் ஆள் இல்லை. ரிட்டயர் ஆகி மூன்று வருடமான கணக்கரின் எண், பாட்டி போன பிறகும் ரேஷன் கார்டில் பாட்டி பெயர் இருக்கிற மாதிரி, பட்டியலில் இருந்துகொண்டே லைசென்ஸைத் தின்கிறது. உதவி மேலாளர் தன் பெரிய திரை போனைத் தொட்டதே இல்லை, எல்லாம் செல்லில்தான். ஆனால் ஆயுத பூஜைக்கு அந்தப் போனுக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. எடுக்கப் போன அண்ணனிடம், “அது இருந்தாத்தாண்ணே மேசைக்கு ஒரு இது” என்றாராம். அந்த ‘இது’வுக்கும் ஒரு லைசென்ஸ் போகிறது.

இந்த விஷயத்தில் பெரிய கம்பெனிகளே தடுமாறியவைதான். சிஸ்கோவின் போன் மென்பொருளான கால் மேனேஜரில் முன்பு டிவைஸ் லைசென்ஸ் யூனிட் என்று ஒரு கணக்கு இருந்தது. சாதாரண போனுக்குக் குறைச்சல் யூனிட், பெரிய போனுக்குக் கூடுதல். வயிற்றைப் பார்த்துச் சாப்பாட்டு டோக்கன் கொடுப்பது மாதிரி. 2012ல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அதை விட்டுவிட்டு ஆள் கணக்குக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய பதிப்பு ஒன்றில், மெய்நிகர் சர்வரின் பெயரையோ ஐ.பி. முகவரியையோ, ஏன், நேர மண்டலத்தையோ மாற்றினால்கூட லைசென்ஸ் செல்லாமல் போய்விடும். ஜாதகம் தோற்றது. அண்ணன் சர்வர் பக்கம் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார் என்றால் காரணம் பக்தி மட்டுமல்ல.

இன்ஜினியரிங் படிக்கிற மருமகன் ஒருநாள் சொன்னான்: “மாமா, ஆஸ்டரிஸ்க்னு 1999லயே ஒரு போன் சாஃப்ட்வேர் வந்துருச்சு. லைசென்ஸே வேணாம், ஓசி.”

“ஓசியாக் குடுத்தவரு, ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் போனா எந்திரிச்சு வருவாரா?”

“நாமதான் மாமா பாத்துக்கணும்.”

“அப்ப ஓசி எனக்கில்லடா, முதலாளிக்கு” என்று சொல்லிவிட்டு அண்ணன் டீயைக் குடித்தார். மென்பொருள் பொருளாதாரம் பற்றி இதைவிடத் தெளிவான பேச்சை நான் கேட்டதில்லை.

போன மாதம் புதுப்பிக்கும் தேதி வந்தது. இந்தத் தடவை விற்பனையாளர் இரண்டு வகை காட்டினார்: பெயர் எழுதிய லைசென்ஸ், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம் என்ற லைசென்ஸ். முதலாளி விழித்தார். அண்ணன் முன்னே வந்தார்.

“முதலாளி, கல்யாணப் பந்தின்னு வைங்க. ரெண்டாவது வகையில இருபது இலை. யாரு வேணாலும் உக்காரலாம், எந்திரிச்சா அடுத்தவன். மொத வகை அப்பிடியில்ல, இலைக்கு இலை பேரெழுதிப் போட்ருக்கும். அவன்தான் உக்காரணும்.”

முதலாளி வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இத்தன வருசமா, கல்யாணத்துக்கே வராதவனுக்கு இலை போட்டுப் பாயசம் ஊத்திட்டு இருந்தோமா?”

அண்ணன் உதவி மேலாளர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அந்தப் போனில் ஆயுத பூஜைப் பூ காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.