காவல் பரணின் உயரம்: ஓர் ஆய்வு

காவல் பரண் என்பது நான்கு கவட்டைக் கம்புகள், குறுக்கே சில மூங்கில்கள், மேலே தென்னங்கீத்து, உள்ளே தூக்கத்தோடு மல்லுக்கட்டும் ஓர் ஆள் ஆகியவற்றால் ஆனது. தரையிலிருந்து அதன் தளம் எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, கட்டுகிற அன்று கையில் கிடைத்த கம்பின் நீளமே தீர்மானித்து வந்திருக்கிறது. அறிவுலகத்தின் இந்த அலட்சியம் இனியும் தொடரத் தக்கதல்ல.

உயரத்தை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் வில் வேட்டைக்காரர்கள். மான் வேட்டைக்கு மரத்தில் ஏறி உட்காரும் அவர்களிடையே 20 அடி என்பது செல்வாக்குள்ள அளவு. மனித வாடை மானின் மூக்குக்கு மேலே கடந்துபோகும் என்பதும், மான் அண்ணாந்து பார்ப்பது குறைவு என்பதும் உயரக் கட்சியின் வாதம். உயரம் கூடக்கூட அம்பு செங்குத்தாக இறங்கி, இரு நுரையீரல்களிலும் பாயும் வாய்ப்புக் குறைகிறது என்பது தாழ்வுக் கட்சியின் மறுப்பு. 15 அடி உயரத்தில் இருப்பவருக்கு, மரத்தடியிலிருந்து 20 அடி தள்ளி நிற்கும் மான் 25 அடி தொலைவில் இருக்கிறது. பிதாகரஸ் இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் வேலை செய்ததில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மானை நோக்கி வில்லை வளைப்பவர் அடுத்து ஏறுவது நீதிமன்றப் படி. எனவே இந்தக் கணக்கு மதுரைப் பக்கம் ஏட்டளவில் நிற்கிறது.

தமிழில் சான்று பழையது. கபிலர் 261 அடிகளில் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவி தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பரண் ஏறுகிறாள். அந்தப் பரண் மரத்தின்மேல், புலி அஞ்சும்படி கட்டப்பட்டது என்ற தகவல் கிடைக்கிறது. எத்தனை முழம் என்பது கிடைக்கவில்லை. 99 பூக்களைப் பெயர் சொல்லி எண்ணியவருக்கு இந்த ஓர் எண் தோன்றாமல் போனது ஆய்வுலகின் நட்டம். தினைப் பயிர் சாதாரணமாக ஆள் உயரத்தைத் தாண்டாது, கிளியோ வானத்திலிருந்து வருவது. ஆகவே கிளியைப் பார்ப்பதற்குப் பரணே தேவையில்லை என்ற முடிவுக்கு வர நேர்கிறது. எஞ்சி நிற்கும் ஒரே காரணம் புலி.

வள்ளி கதையில் நிலைமை இன்னும் சிக்கலானது. வேடன் உருவில் வில்லோடு மானைத் தேடி வரும் முருகன் தரையில் நிற்கிறான். பரணில் இருப்பவள் வள்ளி. அமெரிக்க முறை இங்கே தலைகீழாகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’ மதுரை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. வைகைக் கரையிலுள்ள தென்கரையில் பிறந்த டி.ஆர்.மகாலிங்கம் 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் வேலனாக நடித்துப் பெயர் பெற்றார். நாடக மேடையில் பரண் என்பது பெரும்பாலும் ஒரு பெஞ்சுதான். அதன்மேல் நின்று ஸ்திரீபார்ட் ஆலோலம் பாட, முதலில் நாரதர் வந்து வாதாடுகிறார். அவர் போனதும் ராஜபார்ட் வந்து தர்க்கத்தை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறார். பெஞ்சு உயரத்தில் இது நடக்கும். இருபதடியில் இருவரும் இரவெல்லாம் கத்த வேண்டும், முருகனுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், திருமணம் தள்ளிப்போகும். மேடைக்காரர்கள் எந்த ஆய்வும் இல்லாமல் சரியான உயரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனி இந்த ஆய்வின் களமான, மதுரையை அடுத்த பரவை. வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையில், காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன இந்த ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில் புலி கிடையாது. வயற்காட்டுக்கு வருகிறவை மயில், காட்டுப்பன்றி, பக்கத்து வீட்டு மாடு. மயில் 1963 முதல் தேசியப் பறவை. அதைக் கண்டால் தகரத்தைத் தட்டலாம், அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. மாட்டுக்கு எதுவும் பொருட்டல்ல. கண் மட்டம் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்குப்படி, தடையில்லாத வெளியில் 6 கிலோமீட்டர்வரை தெரிய வேண்டும். ஆனால் ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 208 அடிதான். மிச்சப் பார்வை அடுத்தவர் தோட்டத்துக்குப் போகிறது; தென்மேற்கே அதை நாகமலை தடுத்துவிடுகிறது. ஆகவே பார்வைக்காக உயரம் கூட்டுவது வீண்.

விழும் வேகத்தையும் பார்க்க வேண்டும். பத்தடியிலிருந்து தூக்கக் கலக்கத்தில் உருள்பவர் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். இருபதடி என்றால் 39. முன்னது ஷேர் ஆட்டோ வேகம், பின்னது மினி பஸ் வேகம்.

முடிவாக உயரத்தை நிர்ணயிப்பது மானும் மயிலும் அல்ல, சாப்பாடு வரும் தூக்குவாளி. சராசரி உயரமுள்ள ஒருவர் கீழே நின்று கையை உயர்த்தினால் சுமார் ஆறரை அடி. மேலே இருப்பவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினால் இரண்டடி இறங்கும். கூட்டினால் எட்டரை. அதற்குமேல் போனால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். கயிறு சுழலும், குழம்பு சிந்தும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

எனவே பரவைப் பகுதிக்குத் தளத்தின் உயரம் எட்டடி. அரை அடி குழம்புக்கான காப்பு. அதைவிட உயரம் வேண்டுவோர் வரப்பு ஓரத்து வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளலாம், கம்புச் செலவு மிச்சம். சாப்பாட்டை மட்டும் ஏறும்போதே கொண்டுபோய்விட வேண்டும்.