முந்திரி மேலே தெரிய வேண்டும்

ரிச்சான உருளைக்கிழங்கு குருமாவுக்குத் தேவையான பொருட்கள்: மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ குடியிருக்கும் உறவுக்காரர் குடும்பம் ஒன்று, உருளைக்கிழங்கு ஒரு கிலோ. மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உறவுக்காரர் இல்லாமலும் குருமா செய்யலாம்தான். ஆனால் வீட்டு மனிதர்களுக்காக மட்டும் முந்திரியை அரைத்து ஊற்றியதாக அம்பத்தூர் வட்டாரத்தில் சரித்திரம் கிடையாது. நமக்கு நாமே செய்துகொண்டால் அதன் பெயர் கிழங்கு. மாம்பலத்துச் சித்தப்பா வருகிறார் என்றால்தான் அது குருமா.

சித்தப்பா பாடி மேம்பாலத்தில் ஏறும்போதே போன் செய்வார். "ஏம்ப்பா, இன்னும் எவ்ளோ தூரம்? இப்படியே போனா திருப்பதி வந்துடும் போலிருக்கே!" இதற்குப் பதில் சொல்லத்தான் குருமா. அம்பத்தூர் 2011இலேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது, 2018இல் சென்னை மாவட்டத்துக்கும் வந்துவிட்டது, ஆவடி 2019இல் தானே ஒரு மாநகராட்சி ஆகிவிட்டது, பூந்தமல்லிக்கும் பின்கோடு 600இல்தான் தொடங்குகிறது என்றெல்லாம் எடுத்துச் சொல்லலாம். சித்தப்பா கேட்கமாட்டார். முந்திரி மிதக்கும் ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

சரி, கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருவில் குட்டியானை வண்டி வரும். பதிவு செய்த குரல் வெங்காயம், தக்காளி, உருளை என்று ஒரே ராகத்தில் கூவும். பின்னாலேயே ஓடுங்கள். "ஊட்டி உருளையா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். செம்மண் ஒட்டியிருப்பதை அத்தாட்சியாகக் காட்டுவார். மண் எங்கேயும் கிடைக்கும். தமிழ்நாட்டுக்குள் வருகிற கிழங்கில் ஆக்ரா பக்கத்துச் சரக்கும் கர்நாடகத்துச் சரக்கும் ஏராளம். ஆக்ராவில் மாசி பங்குனி வாக்கில் தோண்டியதைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி ஐப்பசி வரைக்கும்கூட விற்பார்கள். குளிரில் கிடந்த கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும். குருமா இனித்தால் உங்கள் கைமேல் பழி போடாதீர்கள். வாங்கியதை நீங்களும் பிரிட்ஜில் வைத்து இன்னும் கொஞ்சம் இனிப்பு சேர்க்காதீர்கள். பச்சை நிறம் படர்ந்த கிழங்கை மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

அடுத்தது தண்ணீர். எந்தச் சமையல் புத்தகத்திலும் இந்த அத்தியாயம் இருக்காது, ஏனென்றால் எழுதியவர் யாரும் போர் தண்ணீரில் பருப்பு வேகவைத்தவர் இல்லை. நம் பக்கத்தில் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். வாளியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும் அதே சமாசாரம் கிழங்கையும் லேசாக இறுக்கிவிடும். ஆகவே கேன் தண்ணீரில் வேகவையுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கிழங்குக்கு ஊற்றுகிறோமே என்று பாட்டி புலம்புவார். புலம்பட்டும், வருவது சித்தப்பா.

குக்கரில் எத்தனை விசில் என்று யாரையும் கேட்காதீர்கள். ஒரே படிக்கட்டில் இருக்கும் இரண்டு வீட்டுக் குக்கர்கள் ஒரே மாதிரி விசில் அடித்ததில்லை. கிழங்கு முக்கால் பதம் வெந்தால் போதும், மிச்சம் குழம்பில் வேகும் என்பார்கள். அரை உண்மை. குழம்பில் தக்காளி இருக்கிறது. புளிப்பில் விழுந்த கிழங்கு அதற்குமேல் இளகுவதற்கு ரொம்ப முரண்டு பிடிக்கும். முழுக்க வேகவைத்து, தோலுரித்து, பல்குத்தும் குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, எண்ணெயில் பொன்னிறமாகப் புரட்டி எடுங்கள். மேலே ஒரு பொருக்கு கட்டும், குழம்பில் கொதித்தாலும் கரையாது. குத்திய ஓட்டை வழியே காரம் உள்ளே போகும். சின்ன உருளையானால் இன்னும் அழகு. தோலுரிக்கிற வேலையை மட்டும் யாருக்குத் தள்ளிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது வெங்காயம். "எண்ணெய் பிரியும் வரை ஐந்து நிமிடம் வதக்கவும்" என்று எழுதுகிறவர்கள்மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடியாகும், அவ்வளவுதான். அது நிறம் மாறி, இஞ்சி பூண்டு பச்சை வாசனை போய், தக்காளி சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் கசிந்து வர இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதுவரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. ஓட்டல் குருமாவில் இருக்கிற ரகசியம் பெரும்பாலும் இந்த இருபது நிமிடம்தான், ஆனால் அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏதோ ஒரு பொடி போடுகிறார்கள் என்றே நம்புவோம்.

இந்தக் கட்டத்தில் அக்கம்பக்கத்தார் வாசனை பிடித்து வந்துவிடுவார்கள். ஆவடியில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததிலிருந்து, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆள் வந்து இறங்கிய ஊர் அது. உருளைக்கிழங்கில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. வங்காளத்து ஆன்ட்டி பெருங்காயமும் இஞ்சியும் போதும் என்பார். காஷ்மீரப் பண்டிட் முறைப்படி வெங்காயமும் கூடாது, பூண்டும் கூடாது. தயிர், சோம்புப் பொடி, சுக்குப் பொடி, கடுகெண்ணெய். பஞ்சாப்காரர் வெண்ணெய்ப் பொட்டலத்தோடு வருவார். எல்லோருக்கும் "ஹாங் ஜி" சொல்லி அனுப்பிவிட்டுத் தேங்காயைத் துருவுங்கள். எல்லோருடைய யோசனையையும் ஒரே சட்டியில் போட்ட வீடு ஒன்று உண்டு; அன்று மதியம் அந்த வீட்டில் எல்லோரும் பார்சல் பிரியாணி சாப்பிட்டார்கள்.

ரிச் என்பது எங்கிருந்து வருகிறது? தேங்காய், சோம்பு, கசகசா, முந்திரி. கசகசாவையும் முந்திரியையும் வெந்நீரில் ஊறவைத்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். (கசகசா மீந்தால் துபாய் மச்சானிடம் கொடுத்தனுப்பாதீர்கள், அங்கே அதற்குத் தடை.) அரைப்பதற்கு முழு முந்திரி வாங்குவது வீண், உடைத்த முந்திரி விலை குறைவு, மிக்ஸிக்குள் போனபின் வித்தியாசம் கிடையாது. அதைவிடவும் சிக்கனம் வேண்டுமானால் பொட்டுக்கடலை. இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலையைத் தேங்காயோடு நைசாக அரைத்து விட்டால் குழம்பு கெட்டியாகி, நிறமும் பட்டுப்போல இருக்கும். கூடப் பத்துப் பன்னிரண்டு முழு முந்திரியை நெய்யில் வறுத்து மேலே தூவிவிட்டால் சித்தப்பா எல்லாம் பண்ருட்டி முந்திரி என்றே நினைத்துக்கொள்வார். இது மோசடி அல்ல, குடும்ப பட்ஜெட்.

அரைத்ததை ஊற்றியபின் தீயைக் குறையுங்கள். தேங்காய் விழுது கொதித்துக் குமுறினால் திரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். தயிர் சேர்ப்பதானால் கடைந்து, கரண்டி கரண்டியாக. உப்பு கூடிவிட்டால் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போடு, இழுத்துக்கொள்ளும் என்று பெரியம்மா சொல்லியிருப்பார். இங்கே ஏற்கெனவே ஒரு கிலோ கிடக்கிறது, எதுவும் இழுக்கவில்லை. கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமாளியுங்கள்.

எப்போது அடுப்பை ஏற்றுவது என்பதற்குக் கடிகாரம் உதவாது, சித்தப்பா வருகிற சி.டி.எச். ரோடுதான் கணக்கு. சித்தப்பா "டன்லப் வந்துட்டோம்" என்றால் அவசரப்படாதீர்கள். அம்பத்தூர் ஓ.டி. தாண்டியதும் தாளியுங்கள், திருமுல்லைவாயில் தாண்டியதும் பூரிக்கு மாவு பிசையுங்கள். ரயிலில் வருகிறார் என்றால் இந்தச் சௌகரியம் கிடையாது, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றுவிடுவார்.

கடைசியில் பரிமாறுதல். இதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கரண்டியை நேராக உள்ளே விடக்கூடாது. மேலாகச் சாய்த்து, மிதக்கிற முந்திரியை ஓரமாக ஒதுக்கி, இரண்டு கிழங்கோடு சேர்த்து அள்ள வேண்டும். அந்தக் கரண்டி சித்தப்பாவுக்கு. அடுத்தது சித்திக்கு, ஒரு முந்திரி குறைவாக. மாப்பிள்ளை யாராவது கூட வந்திருந்தால் வரிசை மாறும். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கரண்டி அடிவரை போய் வரும், வெறும் கிழங்கும் குழம்பும்தான். சமைத்தவருக்குச் சட்டியில் ஒட்டியிருப்பது. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். ஊர்ப் பெயர் பாடப்புத்தகம் வரைக்கும் போனது. நம் வீட்டுக் கரண்டிக்கு மட்டும் தீர்மானத்தின் நகல் இன்னும் வந்து சேரவில்லை.

சித்தப்பா ஏப்பம் விட்டு, "ஓட்டல் மாதிரியே இருக்கேம்மா" என்பார். அதை வீட்டில் பாராட்டாக எடுத்துக்கொள்வது வழக்கம். கையோடு, "நீங்க பேசாம சிட்டிக்குள்ளயே வந்துடலாமே" என்றும் சொல்வார். அதற்குத் தயாராக இருங்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மீந்த குருமாவைச் சூடு ஆறியதும் மூடி பிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் அரைத்தது, வெளியே வைத்தால் ராத்திரிக்குள் புளித்துவிடும். திங்கட்கிழமை காலையில் தோசைக்கு அது முதல்நாளைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் கிழங்குக்குள் காரம் இறங்க அந்த ஒரு ராத்திரி வேண்டியிருக்கிறது. மிச்சமிருந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற டப்பாவில் கட்டிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை வரை வைக்க வேண்டாம்.