அண்ணாச்சியின் மினிமம் டியூ

பர்ஸைத் தொலைத்தவனிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே எவ்வளவு இருந்துச்சு?" என்பதுதான். "முந்நூறு ரூபாய் சொச்சம்" என்று நான் சொன்னதும் கேட்டவர்கள் முகம் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பதறுகிறானே, இருபதாயிரமாவது போயிருக்கும் என்று ஆசையோடு வந்தவர்கள் அவர்கள். கிரெடிட் கார்டும் போய்விட்டது என்றால், "அதை பிளாக் பண்ணிட வேண்டியதுதானே" என்று ஒரே வரியில் துக்கம் விசாரித்து முடித்துக்கொள்கிறார்கள்.

பிளாக் பண்ணுவது ஆப்பில் ஒரு தட்டில் முடிகிற வேலை. அன்றைக்குப் பார்த்து வங்கியின் ஆப்பில் பராமரிப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. போன் செய்தேன். தமிழில் பேச மூன்றை அழுத்தச் சொன்ன அம்மணி, அடுத்தபடியாக, "உங்கள் கார்டில் உள்ள 16 இலக்க எண்ணைப் பதிவு செய்யவும்" என்றார். கார்டு இல்லை என்று சொல்வதற்கே கார்டு வேண்டும் போலிருக்கிறது. எந்த எண்ணை அழுத்தினால் மனிதக் குரல் கேட்கும் என்று நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்க்கக் காரணம் உண்டு. 2021 ஜனவரியிலிருந்து, மெஷின் மேல் கார்டை லேசாகக் காட்டினாலே பின் நம்பர் கேட்காமல் 5,000 ரூபாய் வரை போய்விடும். அதற்கு முன் அந்த வரம்பு 2,000. என் வசதிக்காகத்தான் உயர்த்தினார்கள். பர்ஸை எடுத்தவருக்கும் அதே வசதி. ஆனால் மனிதர் கண்ணியமானவர், என் கார்டில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

இந்தக் கார்டு பிறந்த கதையே பர்ஸ் இல்லாமல் போன கதைதான். 1949இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்னமாரா என்பவர் ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பையில் கைவிட்டால் பர்ஸைக் காணோம். மனைவி வந்து பில்லைக் கட்டி மீட்டாராம். அந்த அவமானத்தில்தான் மறு ஆண்டு டைனர்ஸ் கிளப் கார்டு பிறந்தது என்பார்கள். விளம்பரத்துக்காக ஜோடித்த கதை என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் ஒன்று எனக்குப் புரியவில்லை. பர்ஸ் இல்லாதவனுக்காகக் கண்டுபிடித்த ஒன்றை, பர்ஸுக்குள்ளேயே வைக்கிற அளவில் செய்தார்களே, அது என்ன கணக்கு?

"கூகுள் பே இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்காத நண்பரே இல்லை. இருக்கிறது. அதிலிருந்து எடுக்க வங்கிக் கணக்கில் பணம்தான் இல்லை. கிரெடிட் கார்டு வைத்திருப்பவன் ஒரு மாதம் பின்தங்கி வாழ்கிறவன். ஜூன் மாதம் தின்ற பிரியாணிக்கு ஜூலைச் சம்பளம் பதில் சொல்லும். ஜூலையில் தின்ற தோசை ஆகஸ்ட்டின் பொறுப்பு. பில் தேதி தோதாக அமைந்தால் ஒன்றரை மாதம்வரை வட்டியும் கிடையாது. கார்டு தொலைந்த மாதத்தில்தான் குட்டு வெளிப்படும். ஜூன் பிரியாணிக்கும் ஜூலை தோசைக்கும் ஒரே சம்பளம் பதில் சொல்ல வேண்டும். கார்டு தொலைந்தால் பாக்கியும் தொலையும் என்ற நப்பாசை யாருக்கும் வேண்டாம். பில் மட்டும் வழி தவறாமல் வந்து சேர்ந்தது. இருபதாம் தேதி பாஸ்புக் பார்த்த மனைவி, "கல்யாணமாகி இப்பதாங்க உங்க சம்பளம் எவ்வளவுன்னே எனக்குத் தெரியுது" என்றாள். அவள் குரலில் இருந்தது அதிர்ச்சியா அனுதாபமா என்று நான் ஆராயப் போகவில்லை.

ஒரு நன்மையும் நடந்தது. 2022 அக்டோபரிலிருந்து ஆப்களும் கடைகளும் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, பதிலுக்கு ஒரு டோக்கனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கார்டோடு அந்த டோக்கன்களும் மண்டையைப் போட்டன. உடனே, 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலவில்லை' என்று ஒவ்வொருவராகக் கதவைத் தட்டினார்கள். யோகா கற்றுத்தருபவர், ஸ்பானிஷ் கற்றுத்தருபவர், நிம்மதியாகத் தூங்க மழைச் சத்தம் போடுபவர். இவர்களையெல்லாம் மாதாமாதம் நான்தான் சம்பளம் கொடுத்து வைத்திருந்தேனாம். முன்கூட்டியே செய்தி அனுப்பித்தான் பணம் எடுக்கிறார்கள். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? நான் நிறுத்தாததை என் பர்ஸை எடுத்த புண்ணியவான் நிறுத்திக் கொடுத்தார்.

புதுக் கார்டு 'ஏழு வேலை நாட்களில்' வரும் என்றார்கள். வங்கிக்கு எந்த நாள் வேலை நாள் என்பது பஞ்சாங்கத்துக்கும் பிடிபடாத விஷயம். அதுவரை அரிசி பருப்புக்கு வழி? தெருமுனை அண்ணாச்சியிடம் போனேன். 'இன்று ரொக்கம் நாளை கடன்' போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, சூப்பர் மார்க்கெட் இன்னைக்கு லீவா?"

சூடு உறைத்தது. ஆனாலும் நீள நோட்டை எடுத்தார். "எழுதிக்கிடுதேன், கொண்டு போங்க." பதினாறு இலக்கம் கேட்கவில்லை. ஓடிபி கிடையாது. கடன் வரம்பை மட்டும் என் சட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொண்டார். எண்ணெய் ஐந்து லிட்டர் கேட்டேன், ஒரு லிட்டர்தான் வந்தது. இங்கே மினிமம் டியூவும் உண்டு. கடையில் நாலு பேர் நிற்கும்போது, "தம்பி, கொஞ்சமாவது குடுத்துட்டுப் போங்களேன்" என்று அன்பாகக் கேட்பார். வங்கியின் நினைவூட்டல் செய்திகள் நூறு வந்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது.

ஒருவழியாகக் கூரியர் பையன் கார்டோடு வந்தான். "ஒரிஜினல் ஐடி காட்டுங்க சார்." ஐடி பர்ஸில்தான் இருந்தது. போனில் டிஜிலாக்கரைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். சட்டப்படி அதுவும் ஒரிஜினலுக்குச் சமம் என்றேன். அவன் படத்தையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் நிறைய முடி இருக்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்து, "அவர்தாம்ப்பா, முன்னாடி நிறைய இருந்தது" என்று சாட்சி சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கினான்.

இப்போது கார்டு கையில் இருக்கிறது. அண்ணாச்சிக்கு இன்னும் 1,840 ரூபாய் பாக்கி. அவர் கடையில் கார்டு தேய்க்கிற மெஷின் கிடையாது.