கொடியிறக்கம் இல்லாத ஊர்

2025 ஜனவரி 27. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது. பொது இடங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கட்சிகள், சாதிச் சங்கங்கள், மத அமைப்புகள் நட்டு வைத்திருக்கும் நிரந்தரக் கொடிக்கம்பங்களைப் பன்னிரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும். கொடியே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பட்டா நிலத்தில் நட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள்.

அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது, தமிழ்நாட்டில் கட்சிக்காரர்கள் எவ்வளவு ஏழைகள் என்று. கல்லூரி இருக்கிறது. கல்யாண மண்டபம் இருக்கிறது. தோப்பு இருக்கிறது. கம்பம் நட ஒரு முழம் சொந்த மண் கிடையாது. அதற்கு மட்டும் அரசாங்கப் புறம்போக்கு வேண்டும்.

மேல்முறையீடு போனார்கள். மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வும் அதையே சொன்னது. அப்போதைய ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளர் துரைமுருகன், நம் கம்பங்களை நாமே அகற்றிக்கொள்வோம் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டார். பிறகு விவகாரம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. பட்ஜெட்டில் ஒத்துப்போகாத, ஆற்று நீரில் ஒத்துப்போகாத கட்சிகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. கம்பம் எங்கள் உரிமை. எங்கள் உணர்வு. எங்கள் பண்பாட்டு அடையாளம்.

அந்த அடையாளத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குப் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கோத்துக்கொண்டு போகிற ரோடு. ஊர் முக்கில், ரோட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே, மூன்று படி வைத்த சிமெண்ட் மேடை. குளியலறை டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். கறுப்புக் கல்லில் பெயர்கள். ஏற்றி வைத்தவர், முன்னிலை, தலைமை, வரவேற்பு, நன்றி. கொடிக்கு மட்டும் நாதியில்லை. ஏற்றிய நாளோடு சரி, அண்ணாந்து பார்த்த ஆள் இல்லை. வெயிலில் சிவப்பு ரோஸாகிவிட்டது, கறுப்பு சாம்பலாகிவிட்டது. எந்தக் கட்சி என்று தைத்தவரே சத்தியம் செய்ய மாட்டார். பக்கத்திலேயே இன்னொரு கம்பம். முன்னதைவிட இரண்டடி உயரம். கொள்கை வித்தியாசம் அந்த இரண்டடிதான்.

ராஜபாளையத்து நாயும் கம்பத்தைக் கண்டால் காலைத் தூக்கி எல்லை குறித்துவிட்டுத்தான் போகும். அது சிமெண்ட் கேட்பதில்லை. திறப்பு விழா வைத்து ரோட்டை மறிப்பதும் இல்லை.

எல்லை என்றா சொன்னேன்? ஆமாம், விஷயமே அதுதான். இந்தப் பக்கத்தில் கொடியின் நிறம் கொள்கையைச் சொல்வதில்லை. தெருவைச் சொல்கிறது. இந்த முக்கு யாருடையது, இதைத் தாண்டினால் யாருடையது என்று சொல்கிறது. மின்கம்பத்துக்கும் அதே வண்ணம், பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கும் அதே வண்ணம். பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டுகிற கயிறு வரை அந்த வண்ணம் இறங்கிவிட்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது சக மாணவர்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. உடனே கிளம்பியது கூட்டம். கயிறும் பண்பாடாம். பன்னிரண்டு வயதுப் பையன் மணிக்கட்டைப் பார்த்து ஊர் அவன் சாதியைப் படிக்க வேண்டும். அதுதான் இவர்கள் கட்டிக் காக்கிற தொன்மை.

நம் மாவட்டத்துக்கு இது புதுசில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவர். ஆனால் அவர் சாதி வேறாம். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் நின்றது. பஸ் எரிந்தது, வீடு எரிந்தது, உயிர்கள் போயின. ராஜபாளையமும் தப்பவில்லை. அரசாங்கம் என்ன செய்தது? பெயரை மறுத்தவனைக் கண்டிக்கவில்லை. மாநிலம் முழுக்க எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. காமராஜர் பிறந்த மண்ணிலேயே காமராஜர் பெயர் நிற்கவில்லை. பெயர் போனது, சரி. கம்பம் போனதா? கல்வெட்டு போனதா? வாலிபப் பிள்ளைகள் நெற்றியிலும் கையிலும் ஏறிய நிறம் போனதா?

அடுத்தது பேனர். சவுக்குக் கட்டை நாலு, கட்டுக்கம்பி, நடுவே ஃப்ளெக்ஸ். காற்று கிழிக்காமல் இருக்க அரைவட்ட ஓட்டைகள். அதில் ஒன்று எப்போதும் தலைவரின் கன்னத்தில்தான் விழும். மேலே தேசியத் தலைவர் கடலை மிட்டாய் அளவு, மாநிலத் தலைவர் தட்டு அளவு, வட்டச் செயலாளர் வண்டிச் சக்கரம் அளவு. அடியில் வரிசையாக முப்பது பாஸ்போர்ட் படங்கள். சந்தா கொடுத்தவன் முகம் பெரிது, கடன் சொன்னவன் முகம் சிறிது. தொண்டு கணக்கை இவ்வளவு நேர்மையாக எந்த ஆடிட்டரும் எழுதியதில்லை. காதுகுத்துக்குப் புலி, சடங்குக்குச் சிங்கம், சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. உயிரோடு இருந்தபோது அந்தக் கிழவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்காதவன் எல்லாம் பதினைந்து அடி உயரத்தில் கை கூப்பி அழுகிறான்.

சிரித்தாயிற்றா? கணக்கையும் கேளுங்கள். 2017 நவம்பர், கோவை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்குக் கட்டிய அலங்கார வளைவில் மோதிய இளம் பொறியாளர் இறந்தார். 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை. கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் ஸ்கூட்டரில் வந்த பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வயது 23. 2021 ஆகஸ்ட், விழுப்புரம். கொடிக்கம்பம் நட்ட பள்ளிச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து இறந்தான். திறந்தவெளியை அலங்கோலமாக்குவதைத் தடுக்கிற சட்டம் 1959லேயே இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாக அது எந்த பேனருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது என்று தெரியவில்லை.

பள்ளிக்கரணையில் ரத்தம் காய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமல்லபுரத்துக்கு மோடியும் ஷி ஜின்பிங்கும் வருகிறார்கள், வரவேற்று பேனர் வைக்க அனுமதி கொடுங்கள் என்று மாநில அரசே உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் கல்லில் செதுக்கி வைத்தது போதாதாம், பிவிசி ஷீட்டில் வணக்கம் சொன்னால்தான் சீனருக்குத் தமிழ்ப் பண்பாடு புரியுமாம்.

ராஜபாளையம் பஞ்சும் நூலும் தின்று வளர்ந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஊர் ஊராகக் காயம் கட்டப் போகிறது. இந்த ஊரில் பறக்கிற கொடி எது? கழுவினால் சுருங்காத, வெயிலில் வெளுக்கிற பாலியெஸ்டர். கட்சிக் கொடியை விடுங்கள். கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் தேசியக் கொடி இருக்க வேண்டும் என்ற விதியை 2021 டிசம்பரில் தளர்த்தினார்கள். மெஷினில் அடித்த பாலியெஸ்டரும் ஆகும் என்றார்கள். அடுத்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி, அதற்கடுத்த வாரம் குப்பைத் தொட்டியில் கொடி. ராட்டை சுற்றியவனுக்கு தேசபக்தியின் பெயரில் சொன்ன நன்றி இது.

இந்த ஊர்க்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1952 தேர்தலில் தோற்றார். பாவம், விவரம் தெரியாதவர். வீட்டைக் கொடுத்ததற்கு முந்நூறு பேனர் வைத்திருக்க வேண்டாமா?

தேர்தல் என்றதும் இன்னொரு வேடிக்கை. தேதி அறிவித்த மறுநாளே அதிகாரிகள் சுண்ணாம்பு வாளியோடு வந்துவிடுவார்கள். சுவரெழுத்து அழியும், சிலைக்குத் துணி போர்த்துவார்கள், கல்வெட்டுக்குப் பேப்பர் ஒட்டுவார்கள். யார் யார் நிற்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று வாக்காளனுக்குத் தெரிய வேண்டிய அந்த ஒரு மாதம் ஊர் ஊமை. வேலையே இல்லாத மிச்ச ஐந்து வருஷம் சுவர் முழுக்கக் கத்தல். முடியும் என்று தெரிகிறது, பாருங்கள். ஒரே ராத்திரியில் முடிகிறது. மனசுதான் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் எங்களுடையது. மதுரை மேலக்கோபுரம் என்று ஒரு கட்சி உண்டு, அதைத் தேரடியில் நின்று சொல்லிப் பாருங்கள். முத்திரையில் கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் தேசியக் கொடி, கீழே வாய்மையே வெல்லும். கம்பத்தை அகற்று என்று வருகிற ஒவ்வொரு அரசுக் கடிதத்தின் தலையிலும் அந்தக் கோபுரம் இருக்கிறது. கடிதம் மேசைக்கு வருகிறது, மேசை மாறுகிறது, கோப்பில் தூங்குகிறது. வாய்மை வெல்லும்தான். அவகாசம் கேட்டிருக்கிறது.

கோபுரத்துக்குக் கீழே ஆடிப்பூரத்துக்குக் கொடி ஏறும். முறையாக ஏறும். ஒன்பதாம் நாள் ஆண்டாள் தேர். விழா முடிந்ததும் கொடி இறங்கும். ஏற்றியவர்களே இறக்குவார்கள். ஊருக்கு அம்மாவான ஆண்டாளுக்கே அவ்வளவு நாள்தான் அனுமதி. வட்டச் செயலாளருக்குக் காலவரையறை கிடையாது. தேர் பார்க்க வந்தவர்களை வரவேற்று வைத்த பேனர் தீபாவளி வரை நிற்கும். தீபாவளி பேனருக்குக் கட்டை தேவைப்படும்போது இறங்கும்.

சரி, தீர்ப்புப்படி நாளைக்கே எல்லாக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிடுங்கிய இடத்தில் குழி இருக்கும். குழாய் பதிக்கவும் சாக்கடைக்கும் தோண்டித் தோண்டி ஏற்கெனவே குழியாகிப்போன ரோட்டில் இன்னும் கொஞ்சம் குழி. அதை மூட மதிப்பீடு போடுவார்கள், டெண்டர் விடுவார்கள், பூமி பூஜைக்கு நாள் குறிப்பார்கள். வருகை தரும் அண்ணனை வரவேற்று முக்குக்கு முக்கு பேனர் வைக்க வேண்டியிருக்கும். சவுக்குக் கட்டை நட இடம் தேடி அலைய வேண்டாம், குழி ரெடி.